காபி மிஷினுக்கு நான் ஊத்துன தண்ணி

தம்பி,

மிஷின் ஓடுது. மொதல்ல அத சொல்லிடறேன். மேல படிக்கப் படிக்க உனக்குக் கோவம் வரும், கோவத்துல பாதியிலயே மடிச்சி வச்சிட்டீன்னா இந்த ஒரு நல்ல சேதியாவது தெரிஞ்சிருக்கட்டும். நேத்து காலையில பம்ப் தண்ணி எடுத்துடுச்சி. அடுத்த சேதி, அத கெடுத்தது நித்யா இல்ல. நான்தான். மூணு மாசமா அந்த மிஷினுக்குப் போர் தண்ணி ஊத்துனது உன் பொண்டாட்டி இல்லடா, உன்னப் பெத்தவ. தெரியாம ஊத்தல, தெரிஞ்சேதான் ஊத்துனேன். போன்லயே சொல்லலாம். போன்ல சொன்னா நான் பாதியில அழுதுடுவேன், நீயும் "சரி வுடும்மா"ன்னுடுவ, அதோட முடிஞ்சிடும். எனக்கு அந்த "சரி வுடும்மா" வேணாம். அதான் எழுதறேன். நாளைக்கு மொத பஸ்ஸு மல ஏறும்போது கண்டக்டர் கையில குடுத்தனுப்பறேன். வெள்ளிமலையில உன் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வாங்கி உன்கிட்ட சேத்துடுவாரு.

வளகாப்பு முடிஞ்சி இன்னியோட ஒம்பது நாளு ஆவுது. கை நெறைய வளையலோட நித்யா அவ அம்மா வூட்டுக்குப் பாண்டிச்சேரி போய்ட்டா. நீ அவளுக்கு ஒரு போன் பண்ணல. அவளா பேசட்டும்னு வீம்பு. கச்சிராயபாளையத்துல இம்மாம் பெரிய வூட்ட வச்சிக்கினு, "வூட்டுக்கு வந்து இன்னா பண்றது"ன்னு மலையிலயே ரூம் எடுத்துத் தங்கிட்ட. ஏழு மாசப் புள்ளத்தாச்சி அங்க, நீ மலையில, நடுவுல அந்த மிஷினோட நான். ஒம்பது நாளா அது அடுப்படியில என்ன மொறச்சிக்கினே உக்காந்திருந்துச்சி. இத சொல்லாம வுட்டா உன் குடும்பம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். ஏன் தெரியும்னும் சொல்றேன், பொறுமையாப் படி.

அந்த மிஷின் நம்ம வூட்டுக்கு வந்த நாளே எனக்கு அத புடிக்கல. நீங்க மறுவூட்டுக்குப் போய்ட்டு வந்தப்பறம் சீர்வரிசைத் தட்டுங்க ஒண்ணொண்ணா வருது, பழம், பாக்கு, பட்டுன்னு. பின்னாடியே உன் மச்சான் ஒரு பெரிய அட்டப்பெட்டியத் தூக்கிக்கினு வர்றான், அதுக்கு செவப்பு ரிப்பன் வேற. பித்தள அண்டாவுக்குப் பக்கத்துல பிரிச்சி வச்சாங்க. நம்ம சனம் ஒண்ணும் புரியாம நின்னுச்சி. "இன்னாடி இது, பல்லு டாக்டரு மிஷினு மாரி கீது"ன்னு ஒருத்தி கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பதான் சம்பந்தியம்மா எல்லாரும் கேக்கற மாதிரி சொன்னாங்க: "மாப்பிள்ளைக்குக் காபின்னா உசுருங்க. வாய் வுட்டுக் கேக்கல, ஆனா எங்க வூட்ல குடிக்கறப்பவே தெரிஞ்சி போச்சி. அதான் எங்ககிட்ட இருக்கற மாதிரியே ஒண்ணு வாங்கிட்டோம்." உனக்குக் காபின்னா உசுருன்னு இவங்க எனக்கு சொல்றாங்களாம். என் புள்ளையப் பத்தி, என் எதிர்லயே.

நீ வேலைக்குப் போன நாள்லேர்ந்து மொத பஸ்ஸுக்கு உன்ன காபி குடுத்து அனுப்புனது யாரு? ராத்திரியே பில்டர்ல தூள் போட்டு வெந்நி ஊத்தி வச்சிட்டுத்தான் படுப்பேன். பாலு காய்ஞ்சி பொங்கற நேரத்துக்கு நீ ஷூ லேசு கட்டிக்கினு இருப்ப. உக்காந்து குடிச்சதே இல்ல. நின்னுக்கினு ஒரே மூச்சுல குடிச்சிட்டு டம்ளர ஜன்னல்ல வச்சிட்டு ஓடுவ. நல்லா இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, நானும் எதிர்பாக்கல. புள்ளைங்க அம்மா கைக்காபிய நல்லா இருக்குன்னா சொல்லும்? அதுபாட்டுக்கு உள்ள போவும், அவ்ளோதான். அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். நீ மறுவூட்டுக்குப் பாண்டிச்சேரி போய் மூணு நாளு இருந்துட்டு வந்து, செருப்பக்கூட அவுக்காம, "ம்மா, அத்த வூட்டுக் காபி இருக்கே, சான்ஸே இல்லம்மா"ன்ன பாரு, அன்னிக்கித்தான் தெரிஞ்சிது உனக்கு வாய் இருக்குதுன்னு. சொல்ற வாய்தான். எனக்கு சொல்லாத வாய்.

பொறாமன்னு சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்குது. இத்தன வயசுல, ஒரு மிஷின் மேல. ஆனா அதத்தவிர வேற பேரு அதுக்கு இல்ல. நீ காலையில எழுந்து அந்த மிஷினுக்கு முன்னாடி நிப்ப, தூள அமுக்குவ, கைப்பிடிய மாட்டுவ, அது உறுமும், பொன் நெறத்துல நொரையோட எறங்கும். நீ குனிஞ்சி மோந்து பாப்ப. என் டம்ளர என்னிக்காவது மோந்து பாத்திருக்கியா? நித்யா பக்கத்துல நின்னு பால ஸ்டீம் பண்ணிக் குடுப்பா. ரெண்டு பேரும் சிரிச்சிக்குவீங்க. நான் ரேடியோவப் போட்டுக்கினு, காதுல எதுவும் வுழாத மாதிரி வெங்காயம் அரிவேன். அந்த நேரத்துல வெங்காயம் எதுக்குன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?

அப்பறம் நித்யாவுக்கு நாள் தள்ளிப் போச்சி. காபி வாசனையே ஆவல அவளுக்கு, ஓடிப் போய் வாந்தி எடுப்பா. இருந்தாலும் டேங்குல தண்ணி ரொப்பற வேலைய வுடல. சாயங்காலமானா துப்பட்டாவ மூக்குல அமுக்கிக்கினு கேன் தண்ணியக் கொண்டாந்து ஊத்திட்டு ஓடிடுவா. மிஷினுக்குக் கேன் தண்ணிதான் ஊத்தணும், நம்ம போர் தண்ணி ஆவாதுன்னு நீதான் சொல்லி வச்ச. நம்ம போர் தண்ணி உனக்குத் தெரியாததா? பாத்திரத்துல காய்ஞ்சா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ள படியும். குளிக்க, கழுவத்தான் அது. குடிக்கக் கேன் தண்ணி, என் காபிக்குப் பஞ்சாயத்துக் கொழாத் தண்ணி. மூணு தண்ணியும் மூணு எடத்துல இருக்கும், ஒண்ண ஒண்ணு மாத்தற ஆள் நான் இல்ல.

மொத தடவ நெசமாவே கேன் தண்ணி இல்ல. வண்டிக்காரன் வரல. டேங்கு காலியா இருந்துச்சி, நீ எழுந்திருக்கற நேரம், கைக்கு வந்த போர் தண்ணிய ரொப்பிட்டேன். நீ காபியப் போட்டு ஒரு வாய் வச்சிட்டு மூஞ்ச சுளிச்ச. "இன்னாம்மா இது, மிஷின் காபி இன்னிக்கி சப்புன்னு கீது"ன்ன. அப்பறம் சொன்ன பாரு ஒரு வார்த்த: "ம்மா, நீயே ஒரு காபி போடேன்." அவ்ளோதான்டா. நான் எப்பிடி அடுப்பப் பத்த வச்சேன், எப்பிடிப் பால் காய்ச்சினேன்னு எனக்கே தெரியல. நீ அன்னிக்கி உக்காந்து குடிச்ச. ரொம்ப நாள் கழிச்சி என் காபிய, அதும் உக்காந்து. மறுநாளு கேன் தண்ணி வந்துடுச்சி. நித்யா ரொப்பி வச்சா. விடிகாலையில நான் எழுந்து, அவ ரொப்புனத தொட்டியில கொட்டிட்டு, போர் தண்ணிய ஊத்தி வச்சேன். தெனமும் இல்ல. ரெண்டு நாளைக்கி ஒரு வாட்டி. என்னிக்கெல்லாம் மனசு ரொம்ப எரியுதோ அன்னிக்கெல்லாம்.

நித்யா ஒரு நாளு பாத்துட்டா. வாந்திக்கி எழுந்து வந்தவ அடுப்படி வாசல்ல நின்னா. என் கையில போர் தண்ணி பக்கெட்டு. "அத்த, கேன் தண்ணி தீந்துபோச்சா?"ன்னா. "ஆமாம்மா"ன்னேன். கேன் என் காலுக்குப் பக்கத்துலயே மூடிகூடப் பிரிக்காம நின்னுக்கினு இருக்குது. அவ கேனப் பாத்தா, என்னப் பாத்தா, திரும்பிப் போய்ட்டா. அதுக்கப்பறமும் சாயங்காலம் சாயங்காலம் அவ கேன் தண்ணியத்தான் ஊத்துனா. நான் கொட்டுவேன்னு தெரிஞ்சே ஊத்துனா. எனக்கு அதுகூட எரிச்சலாத்தான் இருந்துச்சி.

வளகாப்புக்கு மொதநாளு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனா நீ பாத்தது பாதிதான். பாண்டிச்சேரிக்காரங்க எல்லாம் வந்து எறங்கியிருக்காங்க. நீ சம்பந்தியம்மாவுக்கு உன் கையால காபி போடறேன்னு ஆசையாப் போன. ஸ்விட்சப் போட்ட. லைட்டு எரிஞ்சிது, சூடு ஏறுச்சி, ஆனா பம்பு டர்ருன்னு அலறுது, ஒரு சொட்டு எறங்கல. டேங்க எடுத்துப் பாத்த. அடியில வெள்ள வெள்ளயா உப்பு. திரும்பி நின்ன பாரு, கோவத்துல உங்கப்பாவேதான். "படிச்சவதான நீ? ஒரு தண்ணி பாத்து ஊத்தத் தெரியாது? உங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தத ஒரு வருசத்துல குட்டிச்சுவராக்கிட்டியே"ன்ன. அத்தன பேரு எதிர்ல, அவ அம்மா எதிர்ல. நித்யா உன்னப் பாக்கல. என்னத்தான் பாத்தா. நான் அந்த நேரத்துல வாயத் தொறந்திருக்கணும். தொறந்தேன். ஆனா இன்னா சொன்னேன் தெரியுமா? "வுடு தம்பி, புள்ளத்தாச்சி, தெரியாம ஊத்தியிருப்பா." எல்லாரும் நெனச்சாங்க, மாமியா எவ்ளோ நல்லவ, மருமவளுக்குப் பரிஞ்சி பேசறாளேன்னு. பரிஞ்சி பேசலடா. காப்பாத்தற மாதிரி மாட்டி வுட்டேன். அந்த ஒரு வார்த்தையில தப்பு அவளுதுன்னு முடிஞ்சி போச்சி.

உன்மேலயும் எனக்குக் கோவம் இருக்குது, அதையும் கேட்டுக்கோ. ஆறு மாசமா மூக்க மூடிக்கினு உனக்காகத் தண்ணி ஊத்துனவள, ஒரு நிமிசம் யோசிக்காம எப்பிடிடா அப்பிடிக் கேட்ட? மோட்டாரு தண்ணி எடுக்கலன்னா மோட்டார ஒதைக்கறவன் மடையன். பைப்ப கழட்டிப் பாக்கணும், எங்க காத்து பூருதுன்னு தேடணும், அப்பறந்தான் ஆளக் கை காட்டணும். வாத்தியாரு வேல பாக்கற, பசங்ககிட்ட எதுவும் கேக்காம அடிச்சிடுவியா? பொண்டாட்டின்னா மட்டும் கேக்க வேணாமா?

இப்ப அந்தப் பழைய கதைக்கி வர்றேன். உனக்குப் பெரியம்மான்னா எவ்ளோ உசுருன்னு உனக்கு ஞாபகம் இருக்குதோ இல்லியோ. உங்க பெரியப்பா பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கெணறு, ஒரே மோட்டாரு, ரெண்டு பக்கமும் கரும்பு. மூணு நாளு அவங்க மொற, மூணு நாளு நம்ம மொற. உனக்கு அஞ்சி வயசு. நீ சாப்பாட்டு நேரமானா தட்ட எடுத்துக்கினு அவங்க வூட்டுக்குப் போய்டுவ. அவ வைக்கற கருவாட்டுக் கொழம்புதான் வேணும் உனக்கு. ஒரு நாளு நடவாளுங்க எல்லாம் உக்காந்திருக்கும்போது, "நான் பெரியம்மா வூட்டுலயே இருந்துக்கறேன்"ன்ன. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. பெரியம்மா உன்ன மடியில இழுத்து வச்சிக்கினா. நானும் சிரிச்சேன். நான் எப்பவும் சிரிச்சிடுவேன், அதான் என்கிட்ட இருக்கற கெட்ட கொணம்.

மறுநாளு காலையில அவங்க மொற ஆரம்பிக்கணும். விடியறதுக்குள்ள நான் கெணத்துக்குப் போனேன். மோட்டாருக்குத் தண்ணிய உறிஞ்சற பைப்பு இருக்குதில்ல, அதுல ஒரு ஜாயிண்டு கசியும். உங்கப்பா சைக்கிள் டியூப்ப பட்ட பட்டயா அறுத்து அதுல இறுக்கி சுத்தி வச்சிருந்தாரு. நான் அத அவுத்துத் திரும்பத் தொளதொளன்னு சுத்தி வச்சிட்டேன், பாத்தா தெரியாத மாதிரி. அவ்ளோதான். மோட்டாரு ஓடும், சத்தம் வரும், தண்ணி வராது. காத்த உறிஞ்சிக்கினே இருக்கும். பெரியம்மா குடம் குடமா ஊத்திக் காத்து எடுத்துப் பாத்தா, தண்ணி நிக்கல. நல்ல கோட, மூணு நாளும் அப்பிடியே போச்சி. நம்ம மொறக்கி யாருக்கும் தெரியாம இறுக்கிட்டு, அவங்க மொறக்கி மறுபடி தளத்தி வச்சேன், அடுத்த மொறயும் பாதி போச்சி. அவங்க கரும்பு சருகாயிடுச்சி. கடைசியில பெரியப்பா டியூப்பக் கண்டுபுடிச்சாரு. பெரியம்மாதான் துணி அலச கெணத்து மேட்டுக்குப் போறவ, அவதான் இழுத்து வுட்டிருப்பான்னு அவ மேல கைய நீட்டிட்டாரு. நான் ஓடிப் போய்க் குறுக்க வுழுந்தேன். "வுடுங்க மாமா, அக்கா தெரியாம அவுத்திருப்பாங்க"ன்னேன். பாத்தியா? அதே வார்த்த. அன்னிக்கி சொன்ன அதே வார்த்தையத்தான் உன்கிட்டயும் சொன்னேன். எழுதும்போதுதான் எனக்கே அது தெரியுது.

அந்த வருசமே பாகம் பிரிச்சிக்கினு அவங்க திருப்பூர் போய்ட்டாங்க. சண்ட அதுல ஆரம்பிச்சது, அப்பறம் எது எதுக்கோ போச்சி. நீ ஒரு மாசம் தட்ட எடுத்துக்கினு போய் அந்தப் பூட்டுன கதவுகிட்ட உக்காந்திருந்த. நான் வந்து தூக்கினா ஒதைப்ப. உங்கப்பா சாவற வரைக்கும் அவருக்கும் நான் சொல்லல. உன் கல்யாணத்துக்குப் பெரியம்மா வந்தா, என் கையப் புடிச்சிக்கினு, "நல்ல மருமவளா அமைஞ்சிருக்கா, பாத்துக்கோ"ன்னா. அப்பவும் சொல்லல. அவ நம்பர் என் போன்ல இருக்குது. அதுக்கும் ஒரு நாளு வரும், இப்ப இத முடிச்சிக்கறேன்.

அதனாலதான்டா, உன் மிஷினு டர்ருன்னு அலறுன ஒடனே இன்னா கோளாறுன்னு அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டும் தெரிஞ்சிது. தண்ணி எடுக்கற பம்பு கனமா முனகும், காத்து எடுக்கற பம்பு வெறும் தகரத்த உலுக்கற மாதிரி கத்தும். அஞ்சி குதிரசக்தி மோட்டாரா இருந்தாலும் சரி, உள்ளங்கைக்குள்ள அடங்கற பம்பா இருந்தாலும் சரி, சத்தம் ஒண்ணுதான். நீ மலைக்குப் போனப்பறம் டப்பாவுல இருந்த நம்பருக்கு போன் போட்டேன். "பம்ப் போயிருக்கும்மா, மாத்தணும்மா, அனுப்பி வைங்கம்மா"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சி. போவலம்மா, எனக்குத் தெரியும்னு வச்சிட்டேன்.

பிளக்கப் புடுங்கிட்டு டேங்கக் கழட்டுனேன். அடியில ஒரு சின்ன வால்வு, உள்ள ஸ்பிரிங்கு. டேங்க உக்கார வச்சா அது அமுங்கித் தண்ணிக்கு வழி வுடணும். வெரலால அமுக்கிப் பாத்தேன், அசையல. உப்பு புடிச்சி கல்லாயிருக்குது. வழி அடஞ்சா பம்பு இன்னா பண்ணும், பாவம், காத்தத்தான் இழுக்கும். மளிகக் கடையில எலுமிச்ச உப்பு வாங்கியாந்து, வெதுவெதுன்னு தண்ணியில கரைச்சி ராவெல்லாம் ஊற வச்சேன். பழைய பிரஷ்ஷால தேச்சேன். ஸ்பிரிங்கு துள்ளுச்சி. நானும் துள்ளிக்கினு போய் டேங்க மாட்டி ஸ்விட்சப் போட்டேன். அதே அலறல். அப்பிடியே உக்காந்துட்டேன். அப்பறந்தான் ஒறச்சிது: வழி தொறந்தாச்சி, ஆனா ஏற்கனவே உள்ள போன காத்து எங்க போவும்? பெரிய மோட்டாருன்னா மேல தண்ணி ஊத்தி எடுத்துடலாம். இதுக்கு ஊத்தற எடமே இல்லியே.

எடம் இருக்குது. டேங்கு உக்கார்ற எடத்துல ஒரு ஓட்ட, பம்புக்குப் போற டியூப்போட வாய். மருந்துக் கடைக்குப் போய் ஊசி இல்லாம பெரிய சிரிஞ்சு ஒண்ணு கேட்டேன். "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"ன்னான். "காபி மிஷினுக்குப்பா"ன்னேன், ஒரு மாதிரி பாத்தான். கேன் தண்ணிய சிரிஞ்சுல இழுத்து, அந்த வாயில வச்சி மெள்ள அமுக்குனேன். ஸ்டீம் கொழாயத் தொறந்து வச்சேன், காத்து வெளிய போவ வழி வேணுமே. டேங்க மாட்டி ஸ்விட்சப் போட்டேன். இருபது எண்ணுனேன், நிறுத்திட்டேன். ரொம்ப நேரம் காஞ்சி ஓடுனா பம்பு சூடாயி நெசமாவே செத்துடும், நீயும் ஞாபகம் வச்சிக்கோ. ஆற வுட்டு மறுபடி அமுக்கி, மறுபடி போட்டேன். மூணாந் தடவ கொழாயி தும்முச்சி. ஒரு துப்பு, ரெண்டு துப்பு. சத்தம் சட்டுன்னு எறங்கி கனமா முனக ஆரம்பிச்சிது. நூலு மாதிரி தண்ணி வந்துச்சி. "வாடி என் ராஜாத்தி"ன்னு கத்திட்டேன். யாருமில்லாத வூட்ல. அப்பறம் எலுமிச்ச உப்புத் தண்ணிய ஒரு டேங்கு, நல்ல தண்ணி ரெண்டு டேங்கு ஓட்டிக் கழுவுனேன்.

கழுவிட்டு, கேன் தண்ணி ஊத்தி, நீ பண்றத வெங்காயம் அரிஞ்சிக்கினே பாத்து வச்சிருந்தேன் இல்ல, அதே மாதிரி தூள அமுக்கி ஒரு காபி போட்டேன். யாருமில்லன்னு குனிஞ்சி மோந்தும் பாத்தேன். குடிச்சேன். நல்லா இருந்துச்சிடா. என்னுதவிட நல்லா இருந்துச்சி. உன் மாமியா மேல அப்ப வந்த எரிச்சல் இருக்குதே, அந்த அம்மா எதிர்ல இருந்திருந்தா ரெண்டு வார்த்த கேட்டிருப்பேன். இம்மாம் பாவம் பண்ணி, இம்மாம் அழுது, மிஷினையும் சரி பண்ணப்பறம்கூட அது போவல. போயிடுச்சின்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

நித்யா கார்ல ஏறும்போது என்ன தனியாக் கூப்ட்டா. வளையல் சலசலன்னு என் கையப் புடிச்சிக்கினு சொன்னா: "அத்த, நீங்க எந்தத் தண்ணி ஊத்துனீங்கன்னு எனக்குத் தெரியும். நான் அவருகிட்ட சொல்ல மாட்டேன். நான் சொன்னா மாமியாளப் போட்டுக் குடுக்கறான்னு ஆவும். நீங்களே சொல்லுங்க. எத்தன நாளு ஆவுதுன்னு பாக்கறேன்." மெரட்டல்னும் சொல்ல முடியல, கெஞ்சல்னும் சொல்ல முடியல. நேத்து மிஷின் ஓடுன ஒடனே அவளுக்கு போன் போட்டேன். அழுதுக்கினே எல்லாத்தையும் சொன்னேன். கேட்டா. "அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"ன்னா. "லெட்டர் எழுதப் போறேம்மா"ன்னேன். "சரி அத்த, எழுதுங்க. அவரு வந்தப்பறம் பேசிக்கலாம்"ன்னு வச்சிட்டா. நான் அவளா இருந்தா ஊரக் கூட்டியிருப்பேன். இந்தப் பொண்ணுக்கு இருக்கற நெதானத்துல பாதி எனக்கு இருந்திருந்தா பெரியம்மா இன்னும் நம்ம பக்கத்து வூட்லயே இருந்திருப்பா. பாரு, அவ நெதானத்து மேலயும் எனக்குப் பொறாமதான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ரெண்டுதான். ஒண்ணு, நாலு பேரு எதிர்ல கேட்டத நாலு பேரு எதிர்லயே திருப்பி எடுத்துக்கோ. ரூமுக்குள்ள போய் காதுல "சாரி" சொல்லிட்டு வந்துடாத. அவ அம்மா எதிர்ல சொல்லு, எங்கம்மாதான் ஊத்துனாங்கன்னு என் பேர சொல்லியே சொல்லு. சம்பந்தியம்மா என்னப் பத்தி இன்னா நெனச்சிக்கினாலும் நெனச்சிக்கட்டும். எனக்கு அதான் தண்டன, அதுக்கே எனக்கு வயிறு எரியுது. ரெண்டு, கொழந்த பொறக்கற வரைக்கும் லீவு கெடச்சா அங்கயே இரு. இத எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆச்சி. ரெண்டு வாட்டி எழுதி அடிச்சேன். மூணாவது வாட்டி எழுதியிருக்கேன், அப்பிடியே வச்சிக்கோ.

சனிக்கெழம மத்தியானம் பள்ளிக்கூடம் வுட்டதும் மலையிலேர்ந்து எறங்கற பஸ்ஸுல வா. கச்சிராயபாளையத்துல பஸ்ஸு கொஞ்ச நேரம் நிக்கும். நான் ஸ்டாண்டுலயே நிப்பேன். மிஷினத் தொடச்சி, அதே அட்டப்பெட்டியில துணி சுத்தி வச்சிருக்கேன். சிரிஞ்சும் உள்ளயே இருக்குது, அங்க கொண்டுபோய் வச்சதும் மறுபடி காத்து புடிச்சா வேணும். ஜன்னல் வழியா தூக்கிக் குடுப்பேன், வாங்கி மடியில வச்சிக்கினு நேரா கள்ளக்குறிச்சி போய், அங்கேர்ந்து பாண்டிச்சேரி பஸ் ஏறு.

எறங்கிடாத. "அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்"னு எறங்கிடாத. எறங்குனா நான் வூட்டுக்குக் கூட்டிக்கினு போய் உன்ன உக்கார வச்சி ஒரு காபி போட்டுக் குடுப்பேன். அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் "ராவுக்கு இருந்துட்டு நாளைக்கிப் போ தம்பி"ன்னுவேன். நீயும் இருந்துடுவ. என்னப் பத்தி எனக்குத் தெரியும்டா. பஸ்ஸ வுட்டு மட்டும் எறங்காத.

அம்மா